தண்ணீர் குடிக்கிற துண்டு

மொடக்காட்டூர் காமாட்சி நகர் மூன்றாம் வீதியில் குடியிருந்த குணவதி, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பிப் போன பிறகு, பதினொரு மணி வாக்கில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் அதற்கப்புறம் எண்பத்து மூன்று நாள் காயவே இல்லை.

ஏன் காயவில்லை என்று ஊரில் யாரும் பெரிதாக ஆராயவில்லை. ஆராய்ந்திருந்தால் அந்த வீட்டுத் துண்டுக் கொடியைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரைக் குடிக்கிற துண்டு என்று அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தனிக்குடித்தனம் வைத்தபோது வாங்கிய பச்சைத் தேங்காய்ப்பூத் துண்டு. பூவெல்லாம் கொட்டிப்போய் நடுவில் நூல் தெரிந்தது. அஞ்சரை மணிக்கு அவள் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் அதில் துவட்டுவார், ஆறரைக்குப் பெரிய பையன் துவட்டுவான், ஏழரைக்குச் சின்னவன் துவட்டிவிட்டு அப்படியே சுருட்டிக் கட்டில்மேல் எறிந்துவிட்டுப் போவான். குணவதியின் முறை வரும்போது அது ஈரச் சாக்குதான். அதைப் பிழிந்து ஒப்புக்கு ஒரு துடை துடைத்துக்கொண்டு, மிச்ச ஈரத்தோடேயே சேலையைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். உடம்புச் சூட்டில் காய்ந்துகொள்ளும் என்று விட்டுவிட்டாள். இருபத்தெட்டு வருஷமும் அப்படித்தான் காய்ந்தாள்.

வேறு துண்டே இல்லையா என்று கேட்டால், இருந்தது, பீரோ கொள்ளாமல் இருந்தது. பொங்கியண்ணன் மொடக்காட்டூர் வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, கோயில் கமிட்டி என்று எங்கே போனாலும் தோளில் பளபளவென்று ஒரு துண்டைப் போர்த்தி போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அந்தத் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கண்ணாடியில் பட்டதுபோல உருண்டு ஓடிவிடும். அதனால் அதை யாரும் துவட்டுவதற்கு எடுப்பதில்லை, மடித்து வைத்திருந்து அடுத்த விசேஷத்தில் இன்னொருவர் தோளில் போர்த்துவார்கள், அவர் இன்னொருவருக்குப் போர்த்துவார். ஓரத்தில் குண்டூசித் துரு படிந்த மஞ்சள் துண்டு ஒன்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு நாலு தடவை பொங்கியண்ணன் தோளுக்கே திரும்பி வந்திருக்கிறது. நாலு தடவையும் அவர் சந்தோஷமாகச் சிரித்துத்தான் போட்டோவுக்கு நின்றார்.

ஆக, அந்த வெள்ளிக்கிழமை குணவதி காயவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள், மொட்டைமாடி வெயிலில் நின்றாள், கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை போட்டாள். தலைமுடி நுனியிலும் முழங்கையிலும் சேலைக் கரையிலும் தண்ணீர் சொட்டாமல் சொட்டி, சொட்டு நூலாகி, நூல் தாரையாகி, சாயங்காலத்துக்குள் வாசல் வழியாக வீதிக்கு வந்துவிட்டது. தோல் டாக்டர் தள்ளி உட்காரவைத்துப் பார்த்துவிட்டுப் பவுடர் எழுதிக்கொடுத்தார். பவுடர் கரைந்து ஓடியது.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு மரகதமணி. ஐயோ பாவம் என்றுதான் வந்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வீதிக்குக் குழாய்த் தண்ணீர் வந்து பதினாலு நாள் ஆகியிருந்தது. பேரூராட்சி லாரி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து, வீட்டுக்கு நாலு குடம் ஊற்றிவிட்டுப் போகும். மரகதமணியின் கண் குணவதியின் முகத்திலிருந்து மெல்ல இறங்கி, முழங்கைக்கு வந்து, அங்கிருந்து தரைக்கு வந்து, தரையில் வீணாய்ப் போகிற தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒரு குடத்தக் கொண்டாந்து வெச்சுக்கட்டுங்களா?"

"வெய்யி கண்ணு, வீணாத்தானே போகுது" என்றாள் குணவதி. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு.

ஒரு குடம் ஒன்பது குடம் ஆயிற்று, ஒன்பது நாற்பது ஆயிற்று. அந்தத் தண்ணீரில் பருப்பு குழைய வேகிறது என்று ஒருத்தி சொன்னாள், வெள்ளை வேட்டி மஞ்சள் பூக்கவில்லை என்று இன்னொருத்தி சொன்னாள், முக்குக் கடைக்காரர் அதில் டீ போட்டுப் பார்த்துவிட்டு அதிகாலை முதல் கேன் தனக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் மரகதமணி நோட்டுப் போட்டு வரிசை முறை எழுதினாள். ரெண்டு வாரத்துக்குள் வீதி முனையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டு மேடை கட்டி, சுற்றிலும் வாய்க்கால் எடுத்து, அதற்கு நீலப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். காலையில் ஆறிலிருந்து எட்டு, மாலையில் நாலிலிருந்து ஆறு குணவதி அதன்மேல் நின்றாக வேண்டும். யாரும் அதிசயப்படவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் வாயைப் பிளந்தால், "எங்க வீதி அக்காதாங்க, காயமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள்.

வார்டு கவுன்சிலர் சென்னியப்பன் ஒரு நாள் வந்து பார்த்தார், ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார், நல்லா இருக்குதுங்க என்றார், மறுநாளிலிருந்து மூன்றாம் வீதிக்கு வருகிற லாரியை நிறுத்திவிட்டார். அதை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குத் தாகம் வேண்டுமே!

இப்போது குணவதியின் பாட்டைக் கேளுங்கள். விரல் பத்தும் ஊறிச் சுருங்கி வெளுத்துப் போயின. மெத்தையில் படுத்தால் மெத்தை நாறியது, அதனால் பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் நைலான் கட்டிலைப் போட்டு, அடியில் ஒரு தொட்டியை வைத்துக் கொடுத்தார்கள். தூக்கத்தில் புரண்டு படுத்தால் தொட்டிக்கு வெளியே சொட்டுகிறது என்று பொங்கியண்ணன் எழுப்பித் திருப்பிப் படுக்கச் சொல்வார். ஓயாத தும்மல். அடுப்புப் பக்கம் போனால் அடுப்பு அணைந்தது, உப்பு ஜாடியில் கை வைத்தால் உப்பு கரைந்தது. தங்கச்சி வீட்டுப் பெயர் வைப்புக்குப் போய்விட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்த அன்று, நாற்பது குடங்களுக்குப் பின்னால் நாற்பது முகங்கள் உம்மென்று நின்றன. "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்களேக்கா, அரிசி களையத் தண்ணி வேண்டாமா?" என்று அவள்மேலேயே கோபப்பட்டார்கள்.

அவள் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளைக்காவது ஈரமில்லாமல் படுத்துத் தூங்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல துண்டு வேண்டும். கனமான, பருத்தியிலான, வேறு யாரும் தொடாத துண்டு. அதில் ஒரு தடவை துவட்டினால் காய்ந்துவிடுவோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

"ஏனுங்க, டவுனுக்குப் போனா நல்ல தேங்காய்ப்பூத் துண்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்களே" என்று வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொன்னாள்.

"துண்டா? பீரோவத் தொறந்து பாரு புள்ள, எத்தன வேணும் உனக்கு?" என்றார் அவர், மூன்று தடவையும்.

மரகதமணியிடம் சொன்னாள். மரகதமணி பதறிப்போனாள். "துண்டு எதுக்குங்க்கா? தொடச்சுக் கிடச்சு, தண்ணி நின்னு தொலைச்சுதுன்னா? சும்மா இருங்க, எல்லாம் நல்லபடியாப் போய்ட்டு இருக்குது."

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. யாருக்கு?

எண்பத்தோராவது நாள் சென்னியப்பனின் மச்சானுக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தில் குணவதிக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். காலை பத்து மணிக்கு மேடையில் அவளை ஏற்றி, அடியில் பித்தளை அண்டா ஒன்றை வைத்து, 'தண்ணீர்த் தாய்' என்று பட்டம் கொடுத்தார்கள். அதன்பிறகு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக மேடையேறி, ஒவ்வொருவராக அவள் தோளில் துண்டு போர்த்தினார்கள். வியாபாரிகள் சங்கம் ஒரு துண்டு, ஆட்டோ சங்கம் ஒரு துண்டு, கோயில் கமிட்டி ஒரு துண்டு, மகளிர் குழு ஒரு துண்டு, சிகப்பு, பச்சை, ஊதா, ஜரிகை போட்டது, ஜரிகை போடாதது என்று முப்பத்தேழு துண்டு. எண்பத்தோரு நாளாகக் காயாமல் நிற்கிற ஒரு பொம்பளைக்கு முப்பத்தேழு துண்டு, அத்தனையும் பளபளாத் துண்டு, ஒன்றாவது ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. தண்ணீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கி அண்டாவில் விழுந்தது. அண்டா நிரம்ப நிரம்பக் கூட்டம் கைதட்டியது. முப்பத்தேழாவதாக வந்தவர் பொங்கியண்ணன். அவர் போர்த்திய மஞ்சள் துண்டின் ஓரத்தில் குண்டூசித் துரு இருந்தது.

குணவதிக்கு அப்போதுதான் ஆத்திரம் வந்தது. அதுவரை சலிப்பு வந்திருக்கிறது, அழுகை வந்திருக்கிறது, இது வேறு. உள்ளங்காலிலிருந்து மண்டை வரைக்கும் கொதித்து ஏறியது. அந்தக் கொதிப்பிலும் அவள் காயவில்லை. மைக் பக்கம் போனாள். "மைக்கத் தொடாதீங்கம்மா, கரண்டு அடிச்சுரும்" என்று நாலு பேர் கத்தினார்கள். அவள் மைக் இல்லாமலே பேசினாள்.

"முப்பத்தேழு பேரு போத்துனீங்க. கடைக்குப் போனீங்களே, இந்தப் பொம்பள நனஞ்சு நிக்கறாளே, இவளுக்குத் தண்ணி குடிக்கிற துண்டா ஒண்ணு பாத்து எடுப்பம்னு உங்கள்ல ஒருத்தருக்காச்சும் தோணுச்சா? மாட்டுக்குக்கூட மழையில நனஞ்சா வைக்கோலப் போட்டுத் தேச்சு விடுவீங்களே! எம்பட ஒடம்புல ஊறுற தண்ணியக் குடிச்சீங்க, சோறாக்குனீங்க, துணி தொவச்சீங்க. இந்த ஒடம்பு காயணுமேன்னு ஒருத்தி, ஒரே ஒருத்தி நெனச்சீங்களா? உங்க துண்டுல ஜரிகை இருக்குது, பேரு இருக்குது, போட்டோ இருக்குது. தொடைக்கிறதுக்கு அதுல என்ன இருக்குது?"

முப்பத்தேழையும் ஒரே அள்ளாக அள்ளிக் கீழே போட்டுவிட்டு மண்டபத்தை விட்டு நடந்தாள். அவள் போன வழியில் வாசல் கோலம் கரைந்தது. பொங்கியண்ணன், "அவளுக்கு உடம்பு சரியில்லீங்க, மன்னிச்சுருங்க" என்று சபையிடம் சொல்லிக்கொண்டிருந்தது வாசல் வரை கேட்டது.

நேராகப் போய், துண்டு நெய்கிற ஊரான கரூருக்குப் பஸ் ஏறினாள். கண்டக்டர் அவளைப் படிக்கட்டுப் பக்கம் நிறுத்தி டிக்கெட் கொடுத்தார். டிக்கெட் அவள் கையிலேயே கூழாயிற்று. கரூரில் இறங்கி ஜவுளிக் கடை வீதிக்குள் நுழைந்தவள், முதல் கடையில் 'நூறு சதவீதம் பருத்தி' என்று சீட்டு ஒட்டிய ரோஸ் துண்டு ஒன்றைக் கேட்டாள். கடைக்காரர் அதை அவள் கன்னத்தில் வைத்துக் காட்டினார். "பாருங்கம்மா, பூனைக்குட்டியாட்ட எவ்வளவு மெதுவா இருக்குது!" மெதுவாகத்தான் இருந்தது. அவள் கன்னத்துத் தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக நின்று, உருண்டு, கடைக்காரரின் கால்மேல் விழுந்தது.

ரெண்டாவது கடையில் எடுத்த நீலத் துண்டு தண்ணீர் பட்டதும் சாயம் விட்டு அவள் கையை நீலமாக்கியது. மூன்றாவது கடையில் கனமாக இருந்தது என்று எடுத்தாள். கஞ்சி கரைந்ததும் கொசுவலையாயிற்று. நாலாவது கடைக்கு அவள் வருவதற்குள் சேதி முன்னால் போய்விட்டது. பொய்ச் சீட்டு ஒட்டிய கடைக்காரர்கள் எல்லாரும், ஒரு பொம்பளை விரலால் தொட்டாலே உண்மை தெரிந்துவிடுகிறதாம் என்று ஷட்டரை இறக்கினார்கள். பட்டப் பகலில், வியாபார நேரத்தில், ஒரு வீதி முழுக்க ஷட்டர் இறங்கியது. இத்தனை நாளாக இத்தனை ஜனமும் இந்தத் துண்டில்தான் துவட்டிக்கொண்டிருந்ததா என்று குணவதிக்கு வயிறு எரிந்தது.

வீதியின் கடைசியில், வெளிநாட்டுக்கு அனுப்புகிற துண்டு நெய்யும் கம்பெனி ஒன்றின் வாசலில் மட்டும் கதவு திறந்திருந்தது. உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் ஷாகிதா உட்கார்ந்திருந்தாள். நெய்து வருகிற துண்டுகளில் பழுது பார்த்து ஒதுக்குவது அவள் வேலை. சொட்டிக்கொண்டு வந்தவளை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மண்டை நனஞ்சு எத்தன நாளாச்சுக்கா?"

"எண்பத்தொண்ணு."

ஷாகிதா 'ச்சு' கொட்டவில்லை, ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. எழுந்து அலமாரியிலிருந்து அஞ்சு துண்டை எடுத்து மேஜையில் பரப்பினாள்.

"கைய வெச்சுத் தடவிப் பாத்து வாங்குறவங்கதாங்க்கா ஏமாந்து போறது. புதுசுல மெதுவா இருக்கணும்னு மேல பூச்சு போட்டுருவாங்க, அது தண்ணிய உள்ள விடாது. நீங்க தடவாதீங்க, நனைச்சுப் பாருங்க. உங்களுக்கென்ன, விரல வெச்சாப் போதும்."

குணவதி விரலை வைத்தாள். முதல் துண்டில் சொட்டு நின்றது. ஷாகிதா அதை ஒதுக்கினாள். ரெண்டாவதில் மெல்ல இறங்கியது. மூன்றாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள், பூவுக்கு நடுவில் வெளிச்சம் ஓட்டை ஓட்டையாக வந்தது. நாலாவதில் ஷாகிதா ஒரு பூவை நகத்தால் இழுக்க அது நீளமாக உருவிக்கொண்டு வந்தது. "ரெண்டு தொவைக்கு நிக்காது." அஞ்சாவது வெள்ளைகூட இல்லை, நூலின் சொந்த நிறமான பழுப்பு வெள்ளை, பார்வைக்கு ஒன்றுமே இல்லை. பூ குட்டையாக, நெருக்கமாக இருந்தது. ஓரம் ரெட்டைத் தையல். தராசில் போட்டால் மற்றதைவிட ஒன்றரைப் பங்கு எடை. குணவதி விரல் நுனியைக் கிட்டே கொண்டுபோனாள். சொட்டு விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, விழுந்த இடமும் தெரியவில்லை.

"இதுதான்" என்றார்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"ஒடனே தொவட்டீராதீங்க்கா" என்றாள் ஷாகிதா. "ரெண்டு தடவ வெறும் தண்ணியில அலசி வெயில்ல போடுங்க. அப்பத்தான் பூ வாயத் தொறக்கும்."

எண்பத்தோரு நாள் பொறுத்தவள் இன்னும் ரெண்டு நாள் பொறுத்தாள். அந்த ரெண்டு நாளும் துண்டை அலசி வெயிலில் போட்டுவிட்டு, மேடைமேல் நின்று தண்ணீரும் கொடுத்தாள். எண்பத்து மூன்றாவது நாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு துவட்டினாள். முகம் துவட்டினாள், கழுத்து துவட்டினாள், கூந்தலைச் சுற்றிக் கட்டினாள், கை இடுக்கு, கால் இடுக்கு, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் துவட்டினாள். துண்டு குடித்தது, குடித்தது, எண்பத்து மூன்று நாள் தண்ணீரையும் மறுபேச்சு இல்லாமல் குடித்தது. அவள் பீரோவிலிருந்து ஒரு சீட்டிச் சேலையை எடுத்து உடுத்தி, மெத்தையில் படுத்து, மறுநாள் விடிகிற வரைக்கும் தூங்கினாள். மாலைத் தண்ணீருக்கு வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். அவள் காதில் விழவே இல்லை.

காலையில் வாசலில் ஒரே கூட்டம். உலர்ந்த தலையை முடிந்துகொண்டு குணவதி வெளியே வந்ததும் குடங்கள் எல்லாம் டணார் டணாரென்று தரையில் இறங்கின.

"இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களேக்கா!" என்று மரகதமணி தலையில் கை வைத்தாள்.

சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏனுங்கம்மா, அது ஊருப் பொதுச் சொத்துங்க. அதத் தொடைக்கிறதுக்கு உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

பொதுச் சொத்து! அதைச் சொல்லிவிட்டு அவர் மீசையைத் தடவியும் கொண்டார். பொங்கியண்ணனும் அவருக்குப் பக்கத்தில் நின்று, "ஊருக்காகத்தானே கேக்கறாங்க" என்றார்.

கொடியில் கிடந்த துண்டை யாரோ உருவினார்கள். இந்தத் தலையில் மூன்று பேர், அந்தத் தலையில் மூன்று பேர் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். கை சிவந்ததே ஒழிய ஒரு சொட்டு வரவில்லை. குணவதி போய் அதை வாங்கி உதறி மறுபடி கொடியில் போட்டாள். அப்புறம் திரும்பினாள்.

"என்னப் பிழிஞ்சாச்சு, இப்பத் துண்டையும் பிழிஞ்சாச்சு. இனி பிழிய வேண்டிய எடத்துக்குப் போலாமா? இத்தன நாளா நம்ம வீதி லாரி எங்க போச்சு, சென்னியப்பண்ணா?"

சென்னியப்பன் வானத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. கடைசி வரிசையில் நின்ற ஒருத்திக்கு அப்போதுதான் உறைத்தது. "பாராட்டு விழாவுல மண்டபத்துத் தொட்டியில தண்ணி ஊத்திட்டு நின்னுதே ஒரு லாரி... அது நம்ம லாரிங்க்கா. டிரைவர் நம்ம டிரைவர்தான்!"

மரகதமணி சென்னியப்பனைப் பார்த்தாள், தன் கையிலிருந்த வரிசை நோட்டைப் பார்த்தாள், நோட்டைக் கிழித்து எறிந்தாள். நாற்பது காலிக் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்கு நடந்தன. முன்னால் குணவதி நடந்தாள், அவள் முந்தானை காற்றில் படபடவென்று அடித்தது. ஈரச் சேலையின் சொத்சொத்தென்ற சத்தத்தையே கேட்டுப் பழகிய வீதிக்கு அது புதுச் சத்தமாக இருந்தது. செயல் அலுவலர் மேஜைமேல் நாற்பது குடத்தையும் கவிழ்த்து வைத்துவிட்டு, லாரி வருகிற வரைக்கும் எடுக்கமாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். பத்தரைக்கெல்லாம் லாரி வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு முன்னைப்போல வேகவில்லை என்பதும் உண்மைதான். அதை யாரும் குணவதியிடம் வந்து சொல்லவில்லை.

மறுநாள் அஞ்சரைக்கு, வழக்கத்துக்கு மாறாக, வீட்டில் முதல் ஆளாகக் குணவதி குளித்தாள். அவளுக்கு அப்புறம் பொங்கியண்ணன் குளித்தார். குளித்து முடித்துக் கதவை ஒரு சாண் திறந்து, வழக்கம்போலக் கையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஏ புள்ள, அந்தப் புதுத் துண்டை எடு."

"அது எம்பட துண்டுங்க" என்றாள் குணவதி.

கை கொஞ்ச நேரம் யோசித்தது. "அப்ப நான் எதுல தொவட்டறது, அந்தப் பழைய பச்சைத் துண்டுலயா?"

"கடைக்குப் போய்ப் பாத்து எடுத்துக்குங்க. போறப்பத் தலையத் தொவட்டாமப் போங்க, அப்பத்தான் நல்லதாக் கெடைக்கும்."

கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது. கல்யாணமான நாள் முதலாக அந்தக் கையில் துண்டோ, சட்டையோ, சொம்போ, ஏதாவது ஒன்றை வைத்தே பழகியவள், அன்றைக்கு ஒன்றுமே வைக்காமல், அதைத் தாண்டிக் காப்பி குடிக்கப் போனாள்.